முள்முருங்கையில் முடிச்சுக் குளவி: மிளகு விவசாயிகள் உதவுங்கள்

வணக்கம். மிளகுக்கொடி ஏற்றிய முள்முருங்கையில் கொழுந்தெல்லாம் சுருண்டு, இலைக்காம்பு விரல் தடிமனுக்கு வீங்கியிருக்கிறது. வீக்கத்தை பிளேடால் கீறினால் தனித்தனி அறைகளில் வெள்ளைப் புழு. மேலே ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். ஆக இது எரித்ரினா (முள்முருங்கையின் அறிவியல் பெயர்) முடிச்சுக் குளவிதான், வைரஸ் இல்லை.

புழு திசுவுக்குள் இருப்பதால் மேல்தெளிப்பு எட்டாது. அடிமரத்தில் துளையிட்டு இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிக்கொல்லியை ஏற்றும் முறை உண்டு. சரம் பிடித்த கொடி அதே மரத்தில் இருக்கும்போது அந்த மருந்தைத் தொட மனமில்லை, தயவுசெய்து பரிந்துரைக்க வேண்டாம். வீங்கிய கிளைகளைத் துளை விழுமுன் வெட்டி எரித்தாலும், அடுத்து வரும் இளந்தளிரில்தான் குளவி திரும்ப முட்டையிடுகிறது.

ஹவாயில் 2008இல் யூரிடோமா எரித்ரினே என்ற ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்கள். நம் மலைகளில் இந்தப் புழுவைத் தின்னும் ஒட்டுண்ணியை யாராவது பார்த்திருக்கிறீர்களா?

இன்னொன்று, இதுதான் அவசரம்: மரம் பட்டுப்போகுமுன் பக்கத்தில் 6 அடி கிளைரிசிடியா மரப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) நட்டு, காய்க்கும் கொடியை அதற்கு மாற்றியவர்கள் உண்டா? பற்றுவேர் அறாமல் எப்படிப் பிரித்தீர்கள், எந்த மாதத்தில்? வெட்டிய போத்தை எத்தனை நாள் நிழலில் வைத்து நட்டால் அழுகவில்லை என்பதையும் சொல்லுங்கள்.