வீட்டு மட்டன் பர்கர் வறண்டு ரப்பர் மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

ஈரோட்டு அம்மணி

மூன்று ஞாயிறாக மட்டன் பர்கர் செய்து பார்க்கிறேன், ஒரு முறையும் சரியாக வரவில்லை. பன்னுக்கு நடுவில் வைக்கும் கறி வட்டு கல்லில் போட்டதும் தண்ணீர் விட்டுச் சுருங்கி, நடுவில் பந்து போலப் புடைத்துக்கொள்கிறது. கடித்தால் இழுக்கிறது, சாறே இல்லை. பிள்ளைகள் பன்னையும் வெங்காயத்தையும் சாப்பிட்டுவிட்டுக் கறியைத் தட்டில் ஒதுக்கிவிடுகிறார்கள். கறி விற்கிற விலைக்கு மனசு கேட்கவில்லை.

நான் செய்தது: அரை கிலோ கொத்துக்கறி, கடையில் கொழுப்பே இல்லாமல் கேட்டு வாங்கியது. மூன்று தண்ணீர் அலசிப் பிழிந்தேன். உப்பு, இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், கரம் மசாலா, ஒரு முட்டை, ரஸ்க் தூள் போட்டு நன்றாகப் பிசைந்து 2 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன். அப்புறம் சிறு தீயில் மூடி போட்டு 15 நிமிடம். யாராவது சொல்லுங்கள்.

கல்லும் கரண்டியும்

அக்கா, இந்தப் பக்குவம் கோலா உருண்டைக்கு ஏறக்குறையச் சரி. பர்கருக்குச் சரிப்படாது.

முதலில் கொழுப்பு. பர்கரில் ஒழுகும் சாறு என்பது கறியின் நீரும் உருகிய கொழுப்பும் சேர்ந்ததுதான். நூற்றுக்கு 20 பங்கு கொழுப்பு வேண்டும். அரை கிலோவுக்கு 400 கிராம் கறி, 100 கிராம் கொழுப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு, செம்மறி கிடைத்தால் நல்லது. தொடைக்கறியோடு நெஞ்சுக்கறியும் கலந்து கேளுங்கள்.

அடுத்தது உப்பு. நீங்கள் சொல்லும் ரப்பர் இழுவைக்குக் காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. கொத்துக்கறியில் உப்பைப் போட்டுப் பிசைந்தால் மயோசின் என்ற புரதம் கரைந்து பசையாகி, கறித்துணுக்குகளை இறுக்கிக் கட்டிவிடும். சாசேஜுக்கு அது தேவை. பர்கர் வாயில் போட்டதும் உதிர வேண்டும். அதனால் வட்டு தட்டி முடித்து, கல்லில் போடுகிற நேரத்தில் மட்டும் இரண்டு பக்கமும் உப்பும் மிளகுத்தூளும் தூவுங்கள். பிசையவே வேண்டாம். கையால் சேர்த்து அணைத்தால் போதும், முட்டையும் ரஸ்க்கும் தேவைப்படாது. பச்சை இஞ்சியையும் விட்டுவிடுங்கள். அதிலுள்ள நொதி, கறியை ஊறவைத்தால் கூழாக்கிவிடும்.

ஈரோட்டு அம்மணி

ரொம்ப நன்றி தம்பி. உப்பு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் கறியைக் கழுவுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே? கழுவாமல் சமைக்க எனக்கு மனசு வராது.

காரைக்குடி அடுப்படி

எனக்கும் வராது கண்ணு. ஆனால் கொத்தின பிறகு அலசினால் அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும், எவ்வளவு பிழிந்தாலும் போகாது. கல்லில் அந்தத் தண்ணீரெல்லாம் வெளியே வந்து, கறி வறுபடாமல் வெந்து நரைத்துப் போகும்.

நான் துண்டாகத்தான் வாங்குவேன். வீட்டில் கழுவி, வடியவிட்டு, சுத்தமான துணியால் ஈரம் போக ஒற்றி எடுப்பேன். பிறகு கறியையும் கொழுப்பையும் தட்டில் பரப்பி அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைப்பேன். ஓரம் கெட்டியானதும் மிக்ஸியில் ஒரு கை அளவு போட்டு, விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். குளிர்ந்திருந்தால் கொழுப்பு அரிசிமணி மாதிரி தனித்தனியாகத் தெரியும். சூடேறினால் வழுவழுவென்று கறியில் பூசிக்கொள்ளும், அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

கல்லும் கரண்டியும்

அம்மா சொன்ன அரிசிமணி அடையாளத்தைக் கட்டாயம் பாருங்கள். வேகவைப்பதில், சிறு தீயும் மூடியும்தான் தப்பு. ஒரு வட்டுக்கு 120 கிராம், பன்னைவிட ஒரு விரல் அகலமாகத் தட்டி, நடுவில் கட்டைவிரலால் பள்ளம் வையுங்கள். புடைக்காது. வார்ப்பிரும்புக் கல்லை லேசாகப் புகை வரும்வரை காயவிட்டுப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 3 முதல் 4 நிமிடம்.

கொத்துக்கறி நடுவரைக்கும் வெந்தாக வேண்டும். அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு ஆடு, மாட்டுக்கு 71 டிகிரி செல்சியஸ், கோழிக்கு 74. கறியின் நிறத்தை நம்ப முடியாது. குத்திப் பார்க்கும் சமையல் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள், 71 வந்ததும் இறக்கலாம். பயந்துகொண்டு கூடுதலாக விடுவதில்தான் பாதிச் சாறு போகிறது.

தஞ்சாவூர்ப் பசி

கரண்டியால் அழுத்தினால்தான் ருசி என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே?

கல்லும் கரண்டியும்

அது வேறு வகை. கறியை உருண்டையாகப் போட்டு, முதல் அரை நிமிடத்துக்குள் மெல்லிசாக நசுக்குவார்கள். அப்போது கொழுப்பு உருகியிருக்காது. பாதி வெந்த பிறகு அழுத்தினால் சாறு கல்லுக்குத்தான் போகும்.

காரைக்குடி அடுப்படி

மேலே வைப்பதையும் கவனி கண்ணு. தக்காளியை வட்டமாக நறுக்கி உப்புத் தூவி 10 நிமிடம் துணியில் போட்டுவிட்டு வை, இல்லையென்றால் பன் ஊறிவிடும். பன்னின் வெட்டின பக்கத்தை வெண்ணெய் போட்டு ஓரம் சிவக்க வாட்டிக்கொள். சின்ன வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து வினிகர், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரையில் 20 நிமிடம் ஊறவிட்டால் இளஞ்சிவப்பாகி, காரம் அடங்கி மொறுமொறுவென்று இருக்கும். எனக்கு அது இல்லாமல் பர்கர் இறங்காது. கொத்தமல்லி புதினா சட்னியைத் தண்ணீர் விடாமல், எலுமிச்சைச் சாற்றிலேயே அரை.

மயோனைஸ் வீட்டில் செய்தால் பச்சை முட்டை வேண்டாம். 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு பச்சை முட்டை மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்ததே சால்மோனெல்லா போன்ற கிருமிகளுக்குப் பயந்துதான். அரை கப் குளிர்ந்த பாலில் கையால் பிடிக்கும் பிளெண்டரை ஓடவிட்டு, ஒரு கப் எண்ணெயை நூல் போல ஊற்றினால் கெட்டியாகிவிடும். கடைசியில் எலுமிச்சைச் சாறு, உப்பு, ஒரு பல் பூண்டு.

ஈரோட்டு அம்மணி

இன்று செய்தேன்! செம்மறி கிடைத்தது. முதல் வட்டைச் சீக்கிரம் திருப்பப் போய் அடியில் ஒட்டிப் பிய்ந்துவிட்டது. இரண்டாவதைத் தொடாமல் விட்டேன். மேலே சிவப்பு முத்து முத்தாகச் சாறு எழும்பியது, அப்போது கரண்டி விட்டதும் தானாகவே கழன்று வந்தது. அடிப்பக்கம் முறுகல் தோசை நிறம். சின்னவள் கடித்ததும் முழங்கை வரை ஒழுகியது. தட்டில் ஒரு துண்டு மிச்சமில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். பள்ளிக்கூட டிபன் பாக்ஸில் இதைக் கொடுத்துவிடலாமா?

கல்லும் கரண்டியும்

மட்டனில் வேண்டாம் அக்கா. ஆட்டுக் கொழுப்பு ஆறினால் உறைந்து உதட்டில் மெழுகு மாதிரி ஒட்டும். மதியம் வரை வெளியில் இருக்கிற கறி வயிற்றுக்கும் நல்லதில்லை. சனிக்கிழமை மதியம் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுக் கல்லைக் காயவையுங்கள்.