நிண்டெண்டோ சுவிட்ச் 2: கையில் பிடித்துப் பார்த்தவர்களிடம் ஓர் உதவி

குழு நண்பர்களுக்கு வணக்கம். 2025 ஏப்ரல் 2 அன்று விரிவாக அறிமுகமான நிண்டெண்டோவின் காணொளி விளையாட்டுக் கருவியான சுவிட்ச் 2, அவ்வாண்டு ஜூன் 5 அன்று விற்பனைக்கு வந்துவிட்டதால், அதை வாங்கலாமா என்று முடிவெடுக்க உங்கள் அனுபவத்தை நாடுகிறேன்.

எங்கள் வீட்டில் இருப்பது 7 அங்குல ஓலெட் திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) கொண்ட பழைய சுவிட்ச். என் மகள் அதைத் தொலைக்காட்சியில் இணைப்பதே அரிது. சன்னலோரம் சம்மணமிட்டு அமர்ந்து, மடியில் வைத்துத்தான் விளையாடுவாள். ஆகவே திரைதான் என் முதல் கவலை. புதியதில் 7.9 அங்குல மூலைவிட்ட அளவும் 1080பி தெளிவும் நொடிக்கு 120 முறை வரை புதுப்பிக்கும் வேகமும் இருந்தாலும், அது பின்னொளியால் ஒளிரும் எல்சிடி திரை என்பதால், இருண்ட குகைக் காட்சிகளில் கறுப்பு நிறம் வெளிறித் தெரியுமோ என்று தயங்குகிறேன். இருபுறமும் பொருத்தும் கட்டுப்பாட்டுக் கருவிகளான ஜாய்-கானுடன் சேர்த்து எடையும் சுமார் 420 கிராமிலிருந்து 534 கிராமாக உயர்ந்துள்ளது. பத்து வயதுக் குழந்தையின் மணிக்கட்டுக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

ஜாய்-கான் காந்தத்தால் ஒட்டிக்கொள்வதும், அதைப் பக்கவாட்டில் சாய்த்து மேசைமேல் கணினிச் சுட்டியைப் போல நகர்த்த முடிவதும் உண்மையிலேயே அருமையான யோசனைகள். ஆனால் உள்நினைவகமான 256 ஜிபி நிரம்பிவிட்டால், விளையாட்டுகளைச் சேமிக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான புதுவகைச் சேமிப்பு அட்டையே வேண்டும். எங்களிடமுள்ள பழைய அட்டை அதற்கு உதவாது. அமெரிக்காவில் 2025-இல் அறிவித்த 449.99 டாலர் அறிமுக விலையுடன் இச்செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டியுள்ளது.

இலண்டன், டொரண்டோ நகரங்களில் நடந்த முன்னோட்ட நிகழ்வுகளில் இதை விளையாடிப் பார்த்தவர்கள், திரையின் கறுப்பு நிறத்தையும், நெடுநேரம் பிடித்திருக்கும்போது கை வலிக்கிறதா என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.