மகனை வீதியில் பறிகொடுத்தேன். பிள்ளைகள் முன் என்ன பேசுவது?

களுவாஞ்சிகுடி அப்பா:

என் மகன் போய் நாலு மாதம். வயது 9. ரியூசன் முடிந்து, எங்கள் ஒழுங்கைக்கு நேரே பஸ்ஸால் இறங்கி, பஸ்ஸுக்கு முன்னால் வீதியைக் கடந்தான். பஸ்ஸை முந்தி வந்த மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டது. அந்த வீதி கொழும்பிலிருந்து பொத்துவில், கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4. காபட் போட்ட வீதி. ஊருக்குள்ளும் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை.

வீதி கடக்க நான் அவனுக்குப் பழக்காமல் விடவில்லை. "வலம் பார், இடம் பார், மறுகா வலம் பார்" என்று முதலாம் ஆண்டிலேயே கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் கடப்பான். அன்றும் இரண்டு பக்கமும் பார்த்தானாம், முன்கடை அக்கா கண்டிருக்கிறா. வலப்பக்கம் பார்த்தால் பஸ்தானே நிற்கிறது! பிறகு ஒரு நாள் அதே இடத்தில் பஸ் நின்றபோது, அவன் உயரத்துக்குக் குந்தி இருந்து பார்த்தேன். பஸ்ஸின் முன்தகடும் நம்பர் பிளேட்டும்தான் தெரிந்தன. பின்னால் வருவது எதுவுமே தெரியவில்லை. இதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது.

பைக்கில் வந்த தம்பிக்கு வயது 19. அவனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை.

மகன் படித்த பாடசாலை அதிபர், வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேசச் சொல்கிறார். "அவன்ட வகுப்புப் பிள்ளைகளைக் கண்டா உங்களுக்கு நிக்க ஏலுமா?" என்று மனுசி தடுக்கிறாள். நிற்பேன். ஆனால் என்ன பேசுவது? பயப்படுத்தவும் மனம் வரவில்லை. பயந்த பிள்ளை நடுவீதியில் விறைத்துப் போய் நின்றுவிடும்.

அக்கரைப்பற்று ரீச்சர்:

தம்பி, உங்கள் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். முப்பது வருசம் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள் என்ற முறையில் சொல்கிறேன், பேச வேண்டாம். காட்டுங்கள். மைதானத்தில் இரண்டு கம்பு நட்டு ஒரு படங்கைக் கட்டுங்கள், அதுதான் பஸ். முன்னால் ஒரு பிள்ளை நிற்கட்டும், பின்னாலிருந்து ஒருவர் சைக்கிளில் மெல்ல வரட்டும். ஒருவரை ஒருவர் கண்டதும் இருவரும் கையைத் தூக்க வேண்டும். எவ்வளவு பிந்தித் தூக்குகிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தாங்களே காண்பார்கள். மகனின் பெயரைச் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்குத் தெரியும்.

கல்முனை பஸ் சாரதி:

அண்ணன், எங்களிலும் பிழை இருக்கிறது. பிள்ளை இறங்கி முன்னால் வந்து எங்கள் முகத்தைப் பார்க்கும். நாங்களும் பாசத்தில் "போ மகன்" என்று கை காட்டுவோம். நானும் எத்தனையோ தரம் காட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளை என் கையை நம்பித்தான் காலை வைக்கும். எனக்குப் பின்னால் யார் முந்தி வருகிறான் என்பதற்கு அந்தக் கை பொறுப்பா? இப்போது கை காட்டுவதை விட்டுவிட்டேன். "பஸ் போகும் வரைக்கும் ஓரத்தில் நில்" என்று சொல்லித்தான் இறக்குகிறேன். பஸ் போனால் இரண்டு பக்கமும் வெளித்துவிடும். பிள்ளைகளுக்கு அந்த ஒன்றைச் சொன்னாலே போதும்.

தம்பிலுவில் பொடியன்:

அண்ணன், உயர்தர வகுப்புப் பொடியன்களையும் அந்த மைதானத்துக்குக் கூப்பிடுங்கள். பைக் ஓடுவது நாங்கள்தானே. ஊருக்குள் மோட்டார் சைக்கிளுக்கு 50 கிலோமீற்றர் வேகம்தான் சட்டம். அந்த 50இல் போனாலே ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 14 மீற்றர் ஓடும். ஆளைக் கண்டு பிரேக்கில் கை வைக்கவே ஒரு விநாடி போய்விடும், அதற்குள் ஒரு முழு பஸ்ஸின் நீளத்தைக் கடந்துவிடுவோம். 70இல் வந்தால் 19 மீற்றருக்கு மேல். நிற்கிற பஸ்ஸைக் கண்டால் நான் இப்போது கியரைக் குறைக்கிறேன். உங்கள் பதிவை வாசித்த பிறகுதான், அண்ணன். இன்னொன்று, காயப்பட்டவரை அள்ளி ஆட்டோவில் போடாமல் 1990க்கு அடிக்கச் சொல்லுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை.

களுவாஞ்சிகுடி அப்பா:

ரீச்சர் சொன்னபடி நேற்றுப் பின்னேரம் வளவுக்குள் படங்கு கட்டினேன். சின்ன மகளை முன்னால் நிறுத்தினேன். மனுசி தானாகவே வந்து சைக்கிளை எடுத்தாள். மெல்லத்தான் வந்தாள். மகள் கையைத் தூக்கும்போது சைக்கிள் சில்லு அவளிடமிருந்து ஒரு முழ தூரத்தில் நின்றது. மனுசி சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு நிலத்தில் இருந்துவிட்டாள். நெடுநேரம் யாரும் பேசவில்லை.

இரவு சாப்பாடு போடும்போது, வெள்ளிக்கிழமை தானும் வருவதாகச் சொன்னாள். சைக்கிளைத் தான்தான் ஓட வேண்டுமாம்.