மகாவலி ஓரமாக சைக்கிளில்: நாவலப்பிட்டி – கம்பளை – பேராதனை, இரண்டு நாள் திட்டம்

ஹட்டன்_பையன்:

வணக்கம். பெப்ரவரியில் நானும் மச்சானும் நாவலப்பிட்டியில் தொடங்கி உலப்பனை, கம்பளை, கெலிஓயா வழியாகப் பேராதனை வரை சைக்கிளில் போக இருக்கிறோம். கையில் இரண்டு நாள். என்னுடையது 700-38 டயர், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, வி பிரேக். மச்சானுடையது கியர் இல்லாத பழைய 28 அங்குலம், கம்பி பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் வகை). அது தாங்குமா? ஹட்டனிலிருந்து சைக்கிள்களை எப்படி இறக்குவது? திரும்பும்போது கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை ஏறி நுவரெலியா போகலாமா என்றும் ஒரு ஆசை.

கங்கைக்கரை:

தம்பி, கீழ்நோக்கிப் போகிறீர்கள், அது சரியான பக்கம். நாவலப்பிட்டி ஸ்டேஷன் கடல் மட்டத்திலிருந்து 583 மீட்டர், பேராதனை 473 மீட்டர். சுமார் 35 கிலோமீட்டர் தூரத்துக்கு 110 மீட்டர்தான் இறக்கம். அதனால் மிதிக்காமலே போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். இடையிடையே சின்னச் சின்ன மேடுகள் வரும். கியர் இல்லாத சைக்கிளில் எழுந்து நின்று மிதித்தால் ஏறிவிடலாம், இரண்டு மூன்று இடத்தில் இறங்கித் தள்ளினாலும் குறைச்சல் இல்லை.

இந்த வழியில் கஷ்டம் ஏற்றம் இல்லை, பஸ். கம்பளையிலிருந்து பேராதனை வரை ரோடு அகலம் குறைவு, ஓரத்தில் தார் முடியும் இடத்தில் பள்ளம். பஸ் ஹோர்ன் அடித்ததும் பயந்து தார் விளிம்பை விட்டு இறங்கினால், திரும்ப ஏறும்போது முன்சக்கரம் விளிம்பில் உரசி ஆளைச் சாய்த்துவிடும். விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே நேராக ஓடுங்கள். இறங்கத்தான் வேண்டும் என்றால் வேகத்தைக் குறைத்து இறங்கி, திரும்ப ஏறும்போது ஹேண்டிலை நன்றாகத் திருப்பிக் குறுக்காக ஏறுங்கள். ரயில் கடவையிலும் அப்படித்தான். தண்டவாளத்தை நேர் குறுக்காகக் கடக்க வேண்டும், நனைந்திருந்தால் பிரேக்கைத் தொடவே கூடாது.

காலை ஆறு மணிக்கு மிதிக்கத் தொடங்குங்கள். ஏழு மணிக்கு ஸ்கூல் பஸ்களும் வேன்களும் ரோட்டை நிறைத்துவிடும், பகல் ஒன்றரைக்குப் பிறகு மறுபடி அதே கூத்து. ஞாயிற்றுக்கிழமை என்றால் பாதித் தலைவலி இல்லை.

35 கிலோமீட்டருக்கு இரண்டு நாள் அதிகம். முதல் நாள் கம்பளையிலோ கெலிஓயாவிலோ தங்கிவிட்டு, இரண்டாம் நாள் மேற்கே திரும்பி தவுலகல பக்கம் போங்கள். எம்பக்கே, லங்காதிலக, கடலாதெனிய ஆகிய பழைய கோயில்கள் மூன்றும் அந்தப் பக்கம்தான், மூன்றும் கம்பளை இராசதானி இருந்த 14ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள். கடலாதெனிய 1344இல் எழுந்தது. அதைக் கட்டிய தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி தென்னிந்தியர், கோயில் வாசல் தூண்களைப் பார்த்தாலே நம் பக்கத்துக் கை என்று தெரியும். ஆனால் அந்தக் கிளை ரோடுகள் ஆற்றுச் சமவெளி மாதிரி இல்லை. குட்டையான, செங்குத்தான ஏற்றங்கள். மச்சான் தள்ளத்தான் வேண்டும். போயா தினத்தில் போகாதீர்கள், நெரிசல்.

பழைய_செயின்:

சைக்கிள்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில் உங்களுடையது. 700 டியூப் வாங்க வேண்டுமென்றால் கண்டிதான். நாவலப்பிட்டி, கம்பளைக் கடைகளில் 26 அங்குலமும் 28 அங்குலமும் கிடைக்கும், 700 கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு டியூப் கையில் வேண்டும். வால்வு ஒல்லியான பிரெஸ்டாவா, மோட்டார் சைக்கிள் மாதிரி தடித்ததா என்று இப்போதே பாருங்கள். பிரெஸ்டா என்றால் பஞ்சர் கடைக்காரரின் குழாய் அதில் பொருந்தாது. சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றை வாங்கி, தொலையாமல் இருக்க வால்விலேயே மாட்டி வையுங்கள். மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெசரை அழுத்திப் பிடித்தால் சைக்கிள் டியூப் கண் மூடித் திறப்பதற்குள் வெடிக்கும். தட்டித் தட்டி விடச் சொல்லுங்கள். பை கட்டிய பின்சக்கரத்துக்குக் காற்றழுத்தம் 60 பி.எஸ்.ஐ., முன்சக்கரத்துக்கு 50 போதும்.

மச்சானுடைய டன்லப் வால்வுக்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும். பழசானால் வெடித்து மெதுவாகக் காற்று இறங்கும், ஆட்கள் பஞ்சர் என்று நினைத்து டியூப் முழுக்கத் தடவிக்கொண்டிருப்பார்கள். கொஞ்சம் எச்சிலை வால்வு வாயில் வைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் ரப்பரை மாற்றினால் போதும்.

அந்தச் சைக்கிளில் கவனிக்க வேண்டியவை மூன்று. பெடல் கையைப் பிடித்திருக்கும் கொட்டர் பின் ஆடுகிறதா பாருங்கள். மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' சத்தம் வந்தால் அதுதான். அப்படியே ஓட்டினால் பின் தேய்ந்து பெடல் கை வழுக்கும். புதுப் பின் போட்டு, சுத்தியலால் இறுக்கி, ஒரு ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி நட்டை முடுக்குங்கள். அடுத்து பின்சக்கரத்தில் செயின் பக்கத்து ஸ்போக்குகள். விரலால் இரண்டிரண்டாக அழுத்திப் பார்த்து, தளர்ந்ததை முடுக்கிவிடுங்கள். உடைவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். மூன்றாவது பிரேக். இரும்பு ரிம் நனைந்தால் கட்டை வழுக்கும், நிற்க வேண்டிய தூரம் பல மடங்காகும். மழை பிடித்தால் முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும்.

பஞ்சர் ஒட்டுவதில் பலரும் கெடுப்பது அவசரத்தில். ஓட்டையைச் சுற்றிச் சாண்ட் பேப்பரால் மினுமினுப்பு போகத் தேய்த்து, சொலூஷனை (ஒட்டும் பசையை) மெல்லிசாகத் தடவி, பளபளப்பு அடங்கும் வரை சுமார் ஐந்து நிமிஷம் பொறுங்கள். ஈரமாகப் பேட்ச் வைத்தால் அன்றைக்கே விலகும். டியூபைத் திரும்பப் போடும் முன் டயரின் உள்பக்கத்தை விரலால் தடவுங்கள். லொறி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய கம்பி இருந்தால் வெளியே தெரியாது, புது டியூபையும் குத்தும்.

ஹட்டன்_பையன்:

மிக்க நன்றி. ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி வரை ஓட்டிக்கொண்டே இறங்கலாமா? மழை எப்படி இருக்கும்?

வட்டவளை_மழை:

மச்சானுடைய சைக்கிளோடு வேண்டாம். ஹட்டன் 1,262 மீட்டர், நாவலப்பிட்டி 583. வட்டவளை, கினிகத்தேனை வழியாக எழுநூறு மீட்டர் அளவு இறக்கம் அது, கம்பி பிரேக்குக்கு ஏற்றதல்ல. வி பிரேக் என்றாலும் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூபில் ஒட்டிய பேட்ச் இளகும். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து, நேர் ரோட்டில் விட்டுவிட்டு, முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும்.

ரயில் என்றால் முதல் நாளே ஸ்டேஷனில் பார்சல் பக்கம் கேளுங்கள். எல்லா ரயிலிலும் ஏற்ற மாட்டார்கள், கார்ட் பெட்டியில் இடம் இருக்க வேண்டும். ஏற்றினால் லைட், பம்ப், பைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் சரிவராவிட்டால் ஒரு பட்டா (சின்ன) லொறி பிடியுங்கள். இரண்டு சைக்கிளையும் நிறுத்திக் கட்டுங்கள், படுக்க வைத்தால் பின்கியரைத் தாங்கும் கொக்கி வளையும். அது வளைந்தால் செயின் ஸ்போக் கம்பிகளுக்குள் விழும்.

பெப்ரவரி நல்ல தேர்வு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை இந்தப் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியில் விடாமல் கொட்டும். ஒக்டோபர், நவம்பரில் காலை வெயில் அடித்து, மத்தியானம் இடியோடு பொழியும். பெப்ரவரியிலும் பின்னேரம் ஒரு பாட்டம் வரலாம், பன்னிரண்டு மணிக்குள் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். இரண்டு நாள் விடாமல் மழை என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் எச்சரிக்கை வந்தாலே திட்டத்தைத் தள்ளிவைப்பது நல்லது, சிவப்பு என்றால் அங்கிருப்பவர்களையே வெளியேறச் சொல்லும் நிலை. அனர்த்த முகாமைத்துவ நிலைய எண் 117.

ஆற்றில் குளிக்க இறங்குவதற்கு முன் ஊராரைக் கேளுங்கள். மேலே மழை பெய்தால் அணைகளின் வான்கதவைத் திறப்பார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், தண்ணீர் மட்டும் ஏறும். சைரன் கேட்டால் சாமானைத் தேடாமல் மேலே ஏறுங்கள்.

புல்லில் உட்கார்ந்தால் அட்டை ஏறும். நனைத்த சோப்பை மேஸிலும் கணுக்காலிலும் தேய்த்துக்கொண்டால் அவ்வளவாக வராது. ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கரைசல் தூள்) இரண்டு பக்கெட். ஒரு பக்கெட்டை ஒரு லீட்டரில்தான் கரைக்க வேண்டும், அரைப் போத்தலில் கொட்டினால் வயிற்றைக் கலக்கும்.

கங்கைக்கரை:

நுவரெலியா கேள்வி விட்டுப்போயிற்று. கம்பளை சுமார் 480 மீட்டர், நுவரெலியா 1,868. ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற வேண்டும், சமதரை என்று சொல்ல இடமே குறைவு. உங்களுடையதில் முன்னால் 28 பல், பின்னால் 28 பல் இருந்தால் பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் இரண்டே கால் மீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும், பொறுமை இருந்தால் ஏறலாம். மச்சானுடையது முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு ஐந்து மீட்டருக்கு மேல். அது ஏறாது. கொத்மலை நீர்த்தேக்கத்தைப் பார்க்க ஆசை என்றால் அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 703 மீட்டர். கம்பளையிலிருந்து இருநூறு மீட்டர் சொச்சம் ஏற்றம், பையைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டுத் தள்ளியும் மிதித்தும் போய்வரலாம். அதற்கு எம்பக்கே பக்கத்தை விட வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள்.