பாதியில் நிற்கும் பாட்டி கதை: முடிவு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் ஏழு வயது மகளுக்குப் பாட்டி கதை ஒன்று சொல்ல ஆரம்பித்து, பாதியில் மாட்டிக்கொண்டேன். நான்கு நாளாக, "அப்புறம் என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

1980களின் கடைசியில், மன்னார்குடியில் பாட்டி சொன்ன கதை. அக்கா, தங்கை இருவர். தங்கை காட்டுக்குப் போகும் வழியில் பசு, "என் தொழுவத்தைக் கூட்டிவிட்டுப் போ" என்கிறது. வாடிய மல்லிகைச் செடி தண்ணீர் கேட்கிறது. இரண்டையும் முகம் சுளிக்காமல் செய்கிறாள். பிறகு குடிசையில் ஒரு கிழவி, தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். அந்த இடத்தில் பாட்டி என் தலையையே கோதிவிடுவார், அதுவரை நன்றாக நினைவிருக்கிறது. அக்கா எல்லோரிடமும் எரிந்து விழுவாள் என்பதும் தெரியும். கிழவி இருவருக்கும் என்ன கொடுத்தாள் என்பதுதான் மறந்துவிட்டது.

அம்மாவிடமும் சித்தியிடமும் கேட்டேன், ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். பெரோ 1697இல் வெளியிட்ட பிரெஞ்சுக் கதையில் நல்லவள் வாயிலிருந்து பூவும் மணியும், மற்றவள் வாயிலிருந்து பாம்பும் தேரையும் விழுகின்றன. கிரிம் சகோதரர்களின் ஹோலே கிழவி கதையில் ஒருத்திமேல் பொன்மழை, இன்னொருத்திமேல் தார். லால் பிஹாரி டே 1883இல் தொகுத்த வங்காளக் கதையில் மொட்டைத் தலை மனைவி குளத்தில் முங்கிக் கூந்தலோடு எழுகிறாள். மூன்றும் நெருங்கி வருகின்றன, ஆனால் எங்கள் கதை இல்லை.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இந்தக் கதையைக் கேட்டவர்களே, பேன் பார்த்த தங்கைக்கும் மறுத்த அக்காவுக்கும் கிழவி என்ன கொடுத்தாள்?