புது ஆர்.டி. மாட்டியும் 2, 1 கியரில் செயின் ஏறவில்லை, பீஸ் பழுதா?

கீழக்குயில்குடி ரைடர்:

வணக்கம் அண்ணன்மார்களே. மூன்று வாரத்துக்கு முன்னால் சமணர் மலைக்குப் பின்னால் மண் தடத்தில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சீமைக்கருவேலங் கொப்பு பின்சக்கரத்துக்குள் புகுந்தது. நான் பிரேக் பிடிப்பதற்குள் அது ஒரு சுற்றுச் சுற்றி, ஆர்.டி.யை (ரியர் டீரெய்லர், பின்னால் செயினைப் பல் மாற்றிப் போடும் கருவி) மேலே இழுத்து மடக்கி, செயின் ஓடும் அதன் கூண்டைத் திருகிப் போட்டுவிட்டது. நாகமலைப் புதுக்கோட்டை வரை தள்ளிக்கொண்டே வந்தேன். கடையில் காட்டினால் கியர் செட்டையே மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகையைக் கேட்டதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டேன்.

அப்புறம் ஆன்லைனில் ஷிமானோ ஆல்டஸ் எம்310 ஒன்று வாங்கி, வீடியோ பார்த்து நானே மாட்டினேன். வண்டி 26 இஞ்ச், முன்னால் 3 பின்னால் 8, கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) 11-32 பல். செயினும் கேபிளும் பழசுதான்.

8-லிருந்து 4 வரை (8 என்றால் ஆகச் சிறிய பல்) சுமாராக விழுகிறது. 3-ல் துள்ளுகிறது. 2-க்கும் 1-க்கும் நடுவில் நின்றுகொண்டு கடகடவென்று அடிக்கிறது. கேபிளை இறுக்கினால் 2, 1 சரியாகிறது, ஆனால் 6, 7 துள்ள ஆரம்பிக்கிறது, தளர்த்தினால் பழையபடி பழைய குருடி கதவைத் திறடி. நேற்று பசுமலைப் பக்கம் ஒரு மேட்டில் 1-க்குப் போட்டேன், செயின் அதையும் தாண்டி போக்ஸ் கம்பிக்குள் விழுந்துவிட்டது. மெதுவாகப் போனதால் தப்பித்தேன். பயந்துபோய் எல் ஸ்க்ரூவை (ஆர்.டி. உள்ளே போகும் எல்லையைப் போடும் திருகு) இரண்டு சுற்று இறுக்கினேன், இப்போது 1 ஏறவே இல்லை. இது போதாதென்று எந்த கியரில் மிதித்தாலும் கீழே கரகரவென்று ஒரு சத்தம்.

பீஸே பழுதா? திருப்பி அனுப்ப நாளை மறுநாள்தான் கடைசி நாள்.

மேலூர் பழைய மிதி:

தம்பி, திருப்பி அனுப்பாதீர்கள், அதில் குற்றம் இருக்காது. முதலில், இது சரியாகும்வரை 1-ஆம் கியர் பக்கமே போக வேண்டாம். இந்த முறை செயின்தான் உள்ளே விழுந்தது. அடுத்த முறை ஆர்.டி.யே போக்ஸ் கம்பியில் மாட்டினால் சக்கரமும் சேர்ந்து காலி.

நீங்கள் எழுதியதில் ஒரு சாமானின் பெயரே வரவில்லை. ஹேங்கர். பின் அச்சுக்குக் கீழே நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு, அதில்தான் ஆர்.டி. தொங்குகிறது. அலுமினிய வண்டிகளில் அதைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி, வேண்டுமென்றே மெத்தென்று செய்திருப்பார்கள். அடி விழுந்தால் அது வளைய வேண்டும், ஃப்ரேம் தப்பிக்க வேண்டும். கூண்டையே திருகிய கொப்பு ஹேங்கரை மட்டும் சும்மா விட்டிருக்குமா? கோணிப்போன நிலையில் புதுக்கதவை மாட்டிவிட்டுக் கீலை முடுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறியும் அதுதான். கேபிள் இறுக்கம் மட்டும் தப்பு என்றால் எல்லா கியரும் ஏறக்குறைய ஒரே அளவு விலகும், கேபிளை இறுக்கித் தளர்த்தும் குமிழைத் திருப்பினால் எல்லாம் ஒன்றாகச் சரியாகும். ஒரு முனையைச் சரிசெய்தால் மறுமுனை கெடுகிறது என்றால் ஆர்.டி.யே சாய்ந்து நிற்கிறது. 8 வேகக் கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் 5 மி.மீ.கூட இடைவெளி இல்லை, அதில் ஒரு மி.மீ. போனாலே சத்தம்தான்.

வண்டிக்குப் பின்னால் குத்தவைத்து, கண்ணைக் கேசட் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். நடுப் பல் ஒன்றில் செயின் இருக்கட்டும். அந்தப் பல்லும் கீழே கூண்டுக்குள் உள்ள இரண்டு ஜாக்கி சக்கரமும் (செயின் சுற்றி ஓடும் சின்னச் சக்கரங்கள்) ஒரே கோட்டில் நிற்கிறதா? கீழ்ச் சக்கரம் போக்ஸ் கம்பிப் பக்கம் சாய்ந்திருந்தால் வேறு சோதனையே வேண்டாம். அதுவரை திருப்புளியைத் தொடாதீர்கள்.

ஒத்தக்கடை பங்காளி:

பேசாமல் சிங்கிள் ஸ்பீடாக மாற்றிவிடுங்கள், எங்கள் ஊரில் யானைமலை ஓரம் இரண்டு பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவருக்கு எந்த கியர் இருக்கிறது.

சும்மா சொன்னேன். அந்தக் கரகர சத்தம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கூண்டுக்குள் இரண்டு ஜாக்கி சக்கரத்துக்கும் நடுவில் சின்னதாக ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். செயின் அதற்கு உள்பக்கமாக, சக்கரங்கள் இருக்கும் பக்கமாகப் போக வேண்டும். வெளிப்பக்கமாகக் கோத்தால் தகட்டிலேயே உரசிக்கொண்டு ஓடும். நான் அப்படிக் கோத்துவிட்டு அழகர்கோவில் வரை போய்த் திரும்பினேன், பேரிங் போச்சு என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே.

கீழக்குயில்குடி ரைடர்:

பார்த்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. இரண்டுமே. செயின் தகட்டுக்கு வெளியேதான் போகிறது. ஹேங்கரும் உள்பக்கம் வளைந்திருக்கிறது, கீழ் ஜாக்கி சக்கரம் அரை விரல் அளவுக்கு உள்ளே தள்ளி நிற்கிறது. இத்தனை நாள் இது என் கண்ணில் படவே இல்லையே.

ஹேங்கர் கேட்டு டவுனில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஆளுக்கொரு வடிவம் காட்டுகிறார்கள், எதுவும் பொருந்தவில்லை. இருப்பதையே நிமிர்த்தலாமா?

மேலூர் பழைய மிதி:

நிமிர்த்தலாம். இதற்கென்றே ஒரு கருவி உண்டு. ஹேங்கரின் மறையில் திருகி, நீண்ட கையை ரிம்மின் மேல், கீழ், முன், பின் என்று நாலு பக்கமும் கொண்டுபோய் இடைவெளி பார்ப்பார்கள். நாலு இடத்துக்கும் வித்தியாசம் 4 மி.மீ.க்குள் வந்தால் போதும்.

கருவி இல்லையென்றால் ஒரு வழி இருக்கிறது. ஹேங்கர் மறை 10 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி. க்விக் ரிலீஸ் (ஸ்பேனர் இல்லாமல் லீவரால் கழற்றுவது) வைத்த பின்சக்கரம் பெரும்பாலானவற்றின் அச்சும் அதே மறைதான். நண்பர் யாரிடமாவது அப்படி ஒரு சக்கரம் வாங்கி, க்விக் ரிலீஸ் கம்பியை உருவிவிட்டு, ஆர்.டி.யைக் கழற்றிய ஓட்டையில் அந்த அச்சின் முனையைத் திருகுங்கள். உங்கள் சக்கரமும் அந்தச் சக்கரமும் அக்கம்பக்கமாக நிற்கும். இரண்டு ரிம்முக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து நாலு இடத்தில் அளந்தால் எந்தப் பக்கம் வளைவு என்று தெரிந்துவிடும், அந்தச் சக்கரத்தையே பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நிமிர்த்துங்கள். இரண்டு ரிம்மிலும் கோட்டம் இருக்கக்கூடாது, இருந்தால் அளவே பொய். இன்னொன்று, அச்சு கையாலேயே சுலபமாக ஏற வேண்டும். கிடைத்த சைக்கிள் சக்கரத்தையெல்லாம் கொண்டுவந்து ஸ்பேனர் போட்டு ஏற்றினால் மறை போய்விடும், அப்புறம் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

திருநகர் சங்கிலி:

அண்ணன் சொன்ன வழியில் நானும் செய்திருக்கிறேன், வேலை செய்யும். ஆனால் அதையே நம்பிக் கிளம்பாதீர்கள். அலுமினியத்தை ஒரு தடவை நிமிர்த்தலாம், மறுபடி வளைத்து மறுபடி நிமிர்த்தினால் ஒருநாள் மேட்டில் பட்டென்று ஒடியும். கழற்றி ஒரு ஸ்கேல் பக்கத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். ஓட்டைகளின் இடம், ஓர வளைவு எல்லாம் ஒத்துப்போகும் ஒன்றை ஆன்லைனில் தேடி இரண்டாக வாங்குங்கள். ஒன்று எப்போதும் பையில் கிடக்கட்டும்.

நிமிர்த்திய பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள், ஏற்கெனவே திருகியதைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திப் பார்க்கிற வேலை வேண்டாம். சக்கரத்தைத் தரையில் நிறுத்தி, க்விக் ரிலீஸைத் தளர்த்தி, அச்சு இரண்டு பக்கமும் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள். அச்சு கோணலாக உட்கார்ந்தால் மற்றதெல்லாம் வீண். ஆர்.டி.யை மாட்டும்போது அதைப் பின்னால் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போல்ட்டை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பி ஸ்க்ரூ (ஆர்.டி.க்கும் பல்லுக்கும் இடைவெளி வைக்கும் திருகு) இருக்கும் காது ஹேங்கரின் படியில் மாட்டி நசுங்கும். போல்ட் 5 மி.மீ. ஆலன் கீ, இறுக்கம் 8-10 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் சின்ன ஆலன் கீயில் கையால் நன்றாக இறுக்குங்கள், குழாய் சொருகி நெம்ப வேண்டாம்.

கேபிளை இப்போது மாட்டாதீர்கள். வீடியோக்காரர்கள் பாதிப் பேர் கேபிளை மாட்டிவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் திருகுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. கேபிள் இழுத்துக்கொண்டிருந்தால் ஆர்.டி. உண்மையில் எங்கே நிற்க விரும்புகிறது என்று எப்படித் தெரியும்? கேபிள் இல்லாமல் விட்டால் ஸ்பிரிங் அதைச் சிறிய பல்லுக்கு நேராகக் கொண்டுபோகும். மேல் ஜாக்கி சக்கரம் அந்தப் பல்லின் வெளி ஓரத்துக்கு நேர் கீழே நிற்கும்வரை எச் ஸ்க்ரூவை (வெளி எல்லையைப் போடும் திருகு) திருகுங்கள். வலப்பக்கம் திருகினால் உள்ளே வரும். அடுத்து முன்னால் சின்ன ரிங்கில் செயினைப் போட்டு, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே ஆர்.டி.யை இன்னொரு கையால் உள்ளே தள்ளிப் பெரிய பல்லில் ஏற்றுங்கள். சக்கரம் பல்லுக்கு நேர் கீழே நிற்க வேண்டும், அதற்கு மேல் எவ்வளவு தள்ளினாலும் போகக்கூடாது. அதுதான் எல் ஸ்க்ரூ. நீங்கள் பயந்து இறுக்கிய இரண்டு சுற்றையும் முதலில் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். ஸ்க்ரூவின் வேலை எல்லை போடுவது மட்டும்தான். நடு கியர் துள்ளுவதை அதில் சரிசெய்ய முடியாது, நிறையப் பேர் அங்கேதான் அரை நாளைத் தொலைக்கிறார்கள்.

அப்புறம் கேபிள். ஷிஃப்டரை 8-ல் வையுங்கள். ஆர்.டி.யில் உள்ள குமிழை முழுதாக உள்ளே திருகி, ஒரு சுற்று வெளியே எடுங்கள். கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்து போல்ட்டின் கீழ் இறுக்குங்கள். அந்த போல்ட் பக்கத்தில் கேபிளுக்கென்று ஒரு பள்ளம் வெட்டியிருக்கும், அதில்தான் உட்கார வேண்டும். போல்ட்டின் அந்தப் பக்கம் போட்டால் இழுக்கும் தூரமே மாறிவிடும், எட்டு கியரும் ஒத்துவராது. இப்போது ஒரு கிளிக். செயின் 7-க்கு ஏறத் தயங்கினால் குமிழை இடப்பக்கம் கால் சுற்று, ஏறி 6-ஐ உரசினால் வலப்பக்கம் கால் சுற்று. 7 சரியானால் மற்றவை தானாக வரும், ஹேங்கர் நேராக இருந்தால்.

கடைசியாக பி ஸ்க்ரூ. பெரிய பல்லில் செயின் இருக்கும்போது மேல் ஜாக்கி சக்கரத்துக்கும் பல்லுக்கும் 5, 6 மி.மீ. இருந்தால் போதும். உரசினால் உள்ளே திருகுங்கள்.

பிரெஞ்சில் டீரெய்லர் என்றால் தடம்புரட்டி என்றுதான் அர்த்தம், தெரியுமா? செயினை வேண்டுமென்றே தடம்புரட்டி அடுத்த பல்லில் போடுகிற கருவி. 1984-இல் ஷிமானோ டூரா ஏஸ் என்ற ரேஸ் கியர் செட்டில் கிளிக் கியரைக் கொண்டுவரும்வரை பெரும்பாலும் லீவரைச் சத்தம் கேட்டே நகர்த்திக்கொண்டிருந்தார்கள். உங்கள் காதும் அதற்குள் பழகியிருக்கும்.

கீழக்குயில்குடி ரைடர்:

ஐந்து நாளாயிற்று. கல்லூரி நண்பனிடம் சக்கரம் வாங்கி அண்ணன் சொன்னபடியே செய்தேன். முதலில் அளந்தபோது கீழே இடைவெளி மேலே இருந்ததைவிட 17 மி.மீ. வித்தியாசம். இப்போது 3. நிமிர்த்தும்போது ஹேங்கர் ஒரு சத்தம் போட்டது பாருங்கள், என் பல் கூசிவிட்டது.

அக்கா சொன்ன வரிசையில் கேபிள் இல்லாமல் தொடங்கினேன், அரை மணி நேரத்தில் முடிந்தது. 1 வரை ஏறுகிறது, தாண்டவில்லை, கரகரவும் போய்விட்டது. திருப்பி அனுப்பவில்லை. ஒன்று மட்டும் பாக்கி. ஏறுவது கச்சிதம், ஆனால் இறங்கும்போது, அதாவது 4-லிருந்து 5, 5-லிருந்து 6, கிளிக் ஆன பிறகு ஒரு நொடி யோசித்துத்தான் விழுகிறது. குமிழை வலப்பக்கம் திருப்பினால் இறங்குவது சரியாகிறது, ஏறுவது மந்தமாகிறது.

ஒத்தக்கடை பங்காளி:

கேபிள் பழசு என்றீர்களே, அதுதான். ஏற்றும்போது உங்கள் விரல் இழுக்கிறது, இறக்கும்போது ஸ்பிரிங் மட்டும்தான். குழாய்க்குள் செம்மண்ணும் துருவும் இருந்தால் ஸ்பிரிங்கால் கேபிளை இழுக்க முடியாது. உள் கேபிள் 1.2 மி.மீ., வெளிக் குழாய் 4 மி.மீ., இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வாங்கும்போது கவனம். எனக்கு ஒரு கடையில் பிரேக் குழாயை கியர் குழாய் என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வெட்டிய முனையைப் பாருங்கள். பிரேக் குழாயில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், இறுக்கினால் அமுங்கும், கிளிக் எல்லாம் கலைந்துவிடும். கியர் குழாயில் கம்பிகள் நீளவாக்கில் அடுக்கியிருக்கும். கட்டிங் பிளேயரால் நசுக்கி வெட்டாதீர்கள், ஓட்டை மூடிக்கொள்ளும், வெட்டினாலும் ஊசியால் திறந்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். பின்னால் ஆர்.டி.க்குள் நுழையும் கடைசி வளைவைச் சிக்கனம் பிடித்துக் குட்டையாக வெட்டினால் மறுபடி இதே கேள்வியோடு வருவீர்கள்.

கீழக்குயில்குடி ரைடர்:

மாற்றிவிட்டேன். பழைய குழாயைத் தட்டினால் காபித் தூள் மாதிரி கொட்டியது. இப்போது டக் டக்கென்று விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை சிறுமலை, 18 கொண்டை ஊசி. ஹேங்கர் இரண்டு ஆர்டர் போட்டிருக்கிறேன், அதற்குள் வராது, இருப்பதிலேயே போகிறேன்.

பழைய ஆர்.டி.யைக் காயலான் கடையில் போட்டுவிடலாமா?

மேலூர் பழைய மிதி:

ஜாக்கி சக்கரம் இரண்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போடுங்கள். பல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் புதுசுக்கு ஆகும். சிறுமலையில் ஏறும்போது 1-ல் போட்டு ஏறுங்கள், ஆனால் மேலே போனதும் ஒருதடவை குத்தவைத்துப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு இறங்குங்கள்.