புதுப்பிப்பு: மொரீஷியஸ் போறது உறுதி, ஆனா ஜனவரியில இல்லை

போன தடவை கேட்டிருந்தேன்: கோத்தகிரியில இருந்து பொங்கல் லீவுல குடும்பத்தோட மொரீஷியஸ் போகலாமா, அம்மா அந்த வெயிலைத் தாங்குவாங்களான்னு. ஜனவரி அங்கே புயல் சீசன்னு எச்சரிச்ச அண்ணன்மார்களுக்கு நன்றி. காலாண்டு லீவுக்கு மாத்தியாச்சு. அங்கே அது குளிர்காலம் முடியற நேரம், மழையும் குறைவு.

தங்கறது மேற்குக் கரையில, ஃபிளிக் ஆன் ஃபிளாக் பக்கம். கிழக்குக் கரை அழகுதான், ஆனா அந்த மாசங்கள்ல தென்கிழக்குக் காத்து நேரா அங்கேதான் அடிக்கும். குளிர்காத்து வாங்கறதுக்கு எங்க ஊரே போதுமே! விசாவுக்கு நம்மகிட்ட காசு வாங்கறதில்லை, இறங்கினதும் முத்திரை குத்திடுவாங்க. ரிட்டர்ன் டிக்கெட், ஓட்டல் புக்கிங் எல்லாம் கையில இருக்கணும்.

அம்மாதான் கடைசி வரைக்கும் பிடிகொடுக்கலை. அந்த ஊர் ரூபா நோட்டுல தமிழ் எழுத்து இருக்கறதைப் போன்ல காட்டினேன். கண்ணாடியை மாட்டி, பெரிசு பண்ணிப் பாத்துட்டு, "அப்போ கோயிலும் இருக்குமில்ல?"ன்னாங்க. தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறையே உண்டுன்னேன். ஸ்வெட்டரை எடுத்து வெச்சாச்சு, வேணாம்னா கேக்க மாட்டேங்கறாங்க.

மலைப்பாதையில மண் சரிஞ்சா மாட்டிக்கக் கூடாதுன்னு முதல் நாளே கோயம்புத்தூர் இறங்கிடுவோம். அங்கிருந்து மும்பை, அப்புறம் ஏறக்குறைய ஆறு மணி நேரம் பறக்கணும்.

இப்போ ஒரே சந்தேகம்: நீச்சல் தெரியாதவங்க லைஃப் ஜாக்கெட் போட்டு மீன் பாக்க இறங்கலாமா? போனவங்க சொல்லுங்க.